உத்தமபாளையம் சமணப் பள்ளி

உத்தமபாளையம் சமணப் பள்ளி என்பது தேனி மாவட்டம், உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் உள்ள பழைய சமணத் தலமாகும். கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இங்குள்ளன. கல்வெட்டில் இத்தலம் திருக்குணகிரி என்று குறிக்கப்படுகிறது. இங்கு வாழ்ந்த துறவிகளும் அவர்களை ஆதரித்த இல்லறத்தாரும் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அவர்கள் வெட்டிவைத்த தமிழ் பாறையிலேயே நிற்கிறது. பாண்டிய நாட்டில் வட்டெழுத்து பெருவழக்காக இருந்த கடைசிக் காலத்துக்கும், சம்பந்தருக்குப் பின்னும் சமணம் இப்பகுதியில் தொடர்ந்து வாழ்ந்தது என்பதற்கும் இத்தலம் நேரடிச் சான்றாகும்.

அமைவிடம்

மேற்கே ஏலமலைத் தொடருக்கும் கிழக்கே வருசநாட்டு மலைகளுக்கும் மேகமலைக்கும் இடையில் நீண்டு கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. இதன் நடுவே முல்லைப் பெரியாறு ஓடுகிறது. ஆற்றை ஒட்டியே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. மதுரைப் பக்கமிருந்து சேர நாட்டு மலைகளுக்கு ஏறும் வழிகளில் ஒன்று இப்பள்ளத்தாக்கின் வழியே செல்கிறது. இன்றைய திண்டுக்கல் - குமுளி நெடுஞ்சாலையும் இதே பள்ளத்தாக்கைத் தொடர்ந்து சென்று கேரளத்துக்குள் நுழைகிறது.

மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்த உத்தமபாளையம், 1996இல் தேனி மாவட்டம் உருவானபின் அதன் வட்டத் தலைநகர்களுள் ஒன்றானது. பழைய நூல்களிலும் கல்வெட்டுத் தொகுதிகளிலும் இத்தலம் மதுரை மாவட்டத்தின் கீழ் இடம்பெற்றிருப்பதற்கு இதுவே காரணம்.

சமணத் துறவிகள் பெருவழிகளை ஒட்டிய குன்றுகளைத் தேர்ந்தெடுத்துத் தங்கியதைப் பாண்டிய நாடெங்கும் காணலாம். வணிகர்களே அவர்களின் முதன்மையான ஆதரவாளர்கள். ஊருக்கு வெளியே அமைதியாகவும், பிச்சை ஏற்க ஊருக்குள் நடந்து வந்துபோகும் தொலைவிலும் இடம் அமைய வேண்டும். மழைக்காலத்தில் துறவிகள் பயணத்தை நிறுத்தி ஓரிடத்தில் தங்குவது சமண விதி என்பதால், ஒதுங்கப் பாறை நிழலும் வேண்டும். மலைவழியில் ஆற்றங்கரையூரை அடுத்து நிற்கும் உத்தமபாளையம் பாறை இத்தேவைகளுக்குப் பொருந்திய இடமாகும்.

சிற்பங்கள்

பாறையின் முகப்பில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சமணத்தில் தீர்த்தங்கரர் இருபத்துநால்வர். ஆடையோ அணிகலனோ இல்லாமல், ஒரே அமைதியில் வடிக்கப்படுவதால் அவர்களைப் பிரித்தறிவது புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் கடினம். சில அடையாளங்கள் உதவும். தலைக்குமேல் படமெடுத்த நாகம் இருந்தால் அவர் இருபத்துமூன்றாம் தீர்த்தங்கரரான பார்சுவநாதர். தோளில் புரளும் சடை இருந்தால் முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதர். அமர்ந்த கோலத்தில் தலைமேல் முக்குடையும் இருபுறம் சாமரம் வீசுவோரும் இருந்து, பீடத்தில் சிங்கம் காணப்பட்டால் இருபத்துநான்காம் தீர்த்தங்கரரான மகாவீரர் என்று கொள்வர். உத்தமபாளையத்தில் பார்சுவநாதர், மகாவீரர் உருவங்கள் உள்ளன.

ஒவ்வொரு உருவமும் தனித்தனிச் சிறு மாடம்போல் அமைந்திருப்பதைக் கவனிக்கலாம். கோயில் கட்டும் சிற்பத் திட்டம்போல் இவை ஒரே முறையில் உருவானவை அல்ல. ஒருவர் ஒரு திருமேனியைச் செய்வித்தார். மற்றொருவர் அடுத்த இடத்தில் இன்னொன்றைச் செய்வித்தார். துறவியரின் நினைவாகவும் இல்லறத்தாரின் நன்றிக்கடனாகவும் இப்படிச் சேர்ந்த உருவங்களே பாறையை நிறைத்தன. கழுகுமலை, மதுரைச் சமணர் மலை ஆகிய இடங்களிலும் இதே முறையைக் காணலாம்.

கல்வெட்டுகள்

சிற்பங்களை ஒட்டி வட்டெழுத்தில் சிறு சிறு கல்வெட்டுகள் உள்ளன. பெரும்பாலானவை, இன்னார் செய்வித்தது என்று சொல்லும் அளவிலேயே நிற்பவை. அச்சணந்தி, அரிட்டநேமி போன்ற சமணத் துறவிகளின் பெயர்கள் இவற்றில் வருகின்றன.

இவற்றினும் விரிவானது, பாண்டிய மன்னன் சடையன் மாறனின் 20ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு. திருக்குணகிரித் தேவருக்கு விளக்கெரிக்க அளித்த கொடையை இது பதிவு செய்கிறது. மன்னனின் ஆட்சியாண்டு குறிக்கப்படுவதால் கொடையை மன்னனே அளித்தான் என்று கொள்ளக்கூடாது. தொடராண்டுக் கணக்கு பரவலாக இல்லாத காலத்தில், ஆவணத்துக்கு நாள் குறிக்க மன்னனின் ஆட்சியாண்டே பயன்பட்டது. இன்று பத்திரத்தில் தேதி எழுதுவது போன்றது அது.

விளக்குக் கொடை அக்காலத்தில் எல்லாச் சமயத்தாரும் செய்த அறம். அணையாமல் எரியும் விளக்கை நொந்தா விளக்கு, நுந்தா விளக்கு என்றனர். காசையோ பொன்னையோ முதலாக வைத்து, அதன் வட்டியில் நெய் வாங்குவது ஒரு முறை. ஆடுகளைக் கொடுத்து, அவற்றைப் பெற்றவர் நாள்தோறும் நெய் அளக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்வது இன்னொரு முறை. இறந்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டி வளர்ந்துகொண்டே இருப்பதால், அவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் அழைக்கின்றன. சமணத் தேவருக்கு விளக்கு வைத்தவர்களும் சிவன் கோயிலுக்கு விளக்கு வைத்தவர்களும் ஒரே சொற்களையே பயன்படுத்தினர். தீர்த்தங்கரர் உருவத்தைத் திருமேனி என்றும், துறவியை அடிகள், பெரியார் என்றும் எழுதும் சமணக் கல்வெட்டுத் தமிழ், பக்தித் தமிழிலிருந்து வேறுபட்டதன்று. சமயங்கள் வாதிட்டுக்கொண்ட காலத்திலும் அவை வாதிட்ட மொழி பொதுவாகவே இருந்தது.

அச்சணந்தி

உத்தமபாளையத்தில் பெயர் காணப்படும் அச்சணந்தி, தமிழகச் சமண வரலாற்றில் மிகப் பரவலாகப் பதிவான துறவி. ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, கொங்கர்புளியங்குளம், மதுரைச் சமணர் மலை, நெல்லை மாவட்ட ஏர்வாடி, குமரி மாவட்டச் சிதறால், வேலூர்ப் பக்கத்து வள்ளிமலை ஆகிய இடங்களிலும் இவர் பெயர் உள்ளது. மதுரைச் சமணர் மலையில் இவருடைய தாயார் குணமதியாரின் பெயரும் ஒரு திருமேனியோடு சேர்த்து வெட்டப்பட்டுள்ளது. உலகைத் துறந்தவரின் தாய் பெயரைக் கல்லில் காண்பது அரிது.

இவ்விடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், வடக்கே தொண்டை மண்டலத்திலிருந்து தெற்கே குமரி வரை ஒரு கோடு விரியும். அக்கோட்டில் மேற்கு மலையடிவாரத்தைத் தொடும் புள்ளி உத்தமபாளையம். துறவிகள் காலால் நடந்தே செல்பவர்கள்; வண்டியோ குதிரையோ ஏறுவதில்லை. ஆகவே இக்கல்வெட்டுகள் ஒரு தனி மனிதரின் புகழைச் சொல்வதோடு, ஊர்களை ஒன்றோடொன்று இணைத்த ஒரு துறவியர் வலைப்பின்னலையும் காட்டுகின்றன.

அச்சணந்தியின் காலம் மற்றொரு வகையிலும் முக்கியமானது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மதுரையில் சமணரை வாதில் வென்றபின் பாண்டிய நாட்டில் சமணம் அழிந்துவிட்டது என்ற கருத்து பரவலாக உண்டு. உத்தமபாளையம் சிற்பங்கள் சம்பந்தருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்டவை. அரச ஆதரவு குறைந்த பின்னும் ஊரார், வணிகர் ஆதரவில் பள்ளிகள் நடந்தன என்பதை இவை காட்டுகின்றன. கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியர் எனப்படும் பெண் ஆசிரியர்கள் குறிக்கப்படுவதும் இதே காலத்தில்தான்.

சடையன் மாறனும் சின்னமனூர்ச் செப்பேடுகளும்

கல்வெட்டில் வரும் சடையன் மாறனை, முற்காலப் பாண்டியரின் கடைசிப் பெருமன்னனான இராசசிம்மனாக ஆய்வாளர்கள் கொள்கின்றனர். 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பராந்தக சோழன் இவனை வென்று மதுரையைக் கைப்பற்றினான். இராசசிம்மன் ஈழத்துக்குச் சென்று உதவி தேடியும் பயன் கிட்டாததால், பாண்டியர் முடியை அங்கேயே விட்டுவிட்டுச் சேர நாட்டுக்குப் போனான்.

இம்மன்னனின் 16ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்டவை சின்னமனூர்ப் பெரிய செப்பேடுகள். இவை கிடைத்த சின்னமனூர், உத்தமபாளையத்துக்கு வடக்கே அதே சாலையில் உள்ள அடுத்த பெரிய ஊர். வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் அமைந்த இச்செப்பேடுகள், பாண்டியர் முன்னோரின் செயல்களாக இரண்டைச் சேர்த்துச் சொல்கின்றன: மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கியது, மதுரையில் சங்கம் வைத்தது. சங்கம் பற்றிய மரபுச் செய்திக்கு ஆவணச் சான்றாகத் தமிழறிஞர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது இப்பகுதியையே.

ஆக, ஒரே மன்னன் காலத்தில், ஒரே பள்ளத்தாக்கில், அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் இரண்டு ஆவணங்கள் கிடைத்துள்ளன. ஒன்று பிராமணருக்கு அளித்த கொடையைச் சொல்லும் அரச ஆவணம். மற்றொன்று சமணத் தேவருக்கு வைத்த விளக்கின் ஆவணம். இரண்டின் தமிழும் வட்டெழுத்திலேயே உள்ளது.

வட்டெழுத்து

தமிழை எழுதப் பயன்பட்ட எழுத்துகளுள் மிகப் பழையது தமிழி எனப்படும் தமிழ்-பிராமி. ஓலையில் எழுதிப் பழகிய கை, நேர்க்கோடுகளை வளைத்து எழுத, தமிழியிலிருந்து மெல்ல உருவானது வட்டெழுத்து. பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் இது பொது எழுத்தாக வழங்கியது. தொண்டை மண்டலத்திலும் சோழ நாட்டிலும் வழங்கிய, இன்றைய தமிழ் எழுத்தின் முன்வடிவம், சோழர் ஆட்சியோடு தெற்கே பரவியது. பாண்டிய நாடு சோழர் கைக்கு வந்தபின், 11ஆம் நூற்றாண்டு முதல் அங்கே வட்டெழுத்தின் வழக்கு குறைந்தது. மலைக்கு மேற்கே அது நீடித்தது. கேரளத்தில் கோலெழுத்து என்ற வடிவிலும் அதன் வழித்தோன்றல் பிற்காலம் வரை வழங்கியது.

எனவே உத்தமபாளையம் பாறை ஒரு மாற்றத்தின் விளிம்பில் நிற்கிறது. இதை வெட்டிய கல்தச்சருக்கும் இதைப் படித்த ஊராருக்கும் வட்டெழுத்தே தமிழ் எழுத்து. சில தலைமுறைகளுக்குப் பின் இவ்வூரில் பிறந்தவர்களால், தம் முன்னோர் எழுதிய அதே மொழியைப் படிக்க முடியாமல் போயிருக்கும். மொழி மாறாமல் எழுத்து மட்டும் மாறினால்கூட நினைவு அறுந்துவிடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இன்று படிக்க முயல்வோருக்கு வட்டெழுத்தில் சில இடர்கள் உண்டு. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. ‘ப’, ‘வ’ போன்ற எழுத்துகள் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் பாடம் பிரித்துக் கொடுத்தால், அதன் தமிழ் இன்றைய வாசகருக்குப் பெரும்பாலும் புரியக்கூடியதே.

பள்ளி என்ற சொல்

பள்ளி என்ற சொல்லின் பழைய பொருள்களுள் ஒன்று படுக்கை. துறவிகள் பாறையில் வெட்டிய கற்படுக்கைகளில் தங்கிய இடங்கள் பள்ளி எனப்பட்டன; பின்னர் சமண, பௌத்தத் துறவியரின் இருப்பிடத்துக்கே அது பெயரானது. அவ்விருப்பிடங்களில் எழுத்தும் இலக்கணமும் சொல்லிக் கொடுத்ததால், கற்கும் இடமும் பள்ளி ஆயிற்று என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். இன்று பள்ளிக்கூடம் என்று சொல்லும் எவரும் சமணத் துறவியரை நினைப்பதில்லை. ஆனால் சொல்லில் அவர்கள் இருக்கிறார்கள்.

மலைக்கு மேற்கே இச்சொல் வேறு திசையில் சென்றது. மலையாளத்தில் கிறித்தவத் தேவாலயமும் இசுலாமியர் தொழுமிடமும் பள்ளி என்றே வழங்குகின்றன. கி.பி. 849இல் கொல்லத்தில் இருந்த கிறித்தவக் கோயிலுக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு, தரிசாப்பள்ளிச் செப்பேடு என்றே அறியப்படுகிறது. அதுவும் வட்டெழுத்தில் எழுதப்பட்டதே. தமிழ் இசுலாமியரும் பள்ளிவாசல் என்றே சொல்கின்றனர். வைதிகம் அல்லாத சமயங்களின் இருப்பிடத்தைக் குறித்த சொல், புதிதாக வந்த சமயங்களுக்கும் இயல்பாகப் பொருந்தியது.

தமிழ் இலக்கணத்திலும் அகராதியிலும் சமணர் பணி பெரிது. யாப்பருங்கலம் இயற்றிய அமிதசாகரர், நன்னூல் இயற்றிய பவணந்தி, சூடாமணி நிகண்டு இயற்றிய மண்டலபுருடர் ஆகியோர் சமணர்கள். பள்ளிகள் வெறும் வழிபாட்டு இடங்களாக மட்டும் இருந்திருந்தால் இந்நூல் மரபு உருவாகியிருக்காது.

ஸ்பெயின் மடம் ஒன்றுடன் ஒப்பீடு

துறவியர் இருப்பிடமே ஒரு மொழியின் நினைவிடமாகவும் ஆனதற்கு உலகில் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, வட ஸ்பெயினின் லா ரியோகா பகுதியில் உள்ள சான் மில்யான் டெ லா கொகோயா மடம். 6ஆம் நூற்றாண்டில் மில்யான் என்ற துறவி மலைக்குகையில் வாழ்ந்தார். அவரைச் சுற்றி உருவான குகைக்கோயில் சூசோ எனப்படுகிறது. மேல்மடம் என்பது இதன் பொருள். 11ஆம் நூற்றாண்டில் அடிவாரத்தில் எழுந்த பெரிய மடம் யூசோ, அதாவது கீழ்மடம். இரண்டையும் யுனெஸ்கோ 1997இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இம்மடத்தின் புகழுக்குக் காரணம் ஒரு கையெழுத்துப் பிரதி. இலத்தீன் நூல் ஒன்றைப் படித்த துறவி ஒருவர், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கடினமான சொற்களுக்கு ஓரத்திலும் வரிகளுக்கிடையிலும் குறிப்புகள் எழுதினார். அவற்றுள் சில இலத்தீனில் அல்லாமல் அன்றைய பேச்சுமொழியில் இருந்தன. இரண்டு குறிப்புகள் பாஸ்க் மொழியில் இருந்தன. எழுதப்பட்ட ஸ்பானிய மொழியின் பிறப்பிடம் என்று சான் மில்யான் கொண்டாடப்படுவது இக்குறிப்புகளால்தான். அவற்றின் மொழியை எந்த வட்டார வழக்காகக் கொள்வது என்பதில் மொழியியலாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஸ்பானிய மொழியில் பெயர் தெரிந்த முதல் கவிஞரான கொன்சாலோ டெ பெர்சியோவும் 13ஆம் நூற்றாண்டில் இம்மடத்தோடு தொடர்புடையவர்.

இரண்டு தலங்களுக்கும் ஒற்றுமைகள் தெளிவானவை. இரண்டும் மலைப்பாறையில் துறவியர் வாழ்வில் தொடங்கியவை. இரண்டிலும் சமயத்துக்காக எழுதப்பட்டது மொழிக்குச் சான்றாயிற்று. இரண்டும் மொழி எல்லைகளுக்கு அருகில் அமைந்தவை.

வேறுபாடுகளும் தெளிவானவை. தமிழ் உத்தமபாளையத்தில் பிறக்கவில்லை. இப்பாறை வெட்டப்பட்டபோது தமிழுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்து மரபு இருந்தது. சான் மில்யானில் துறவியர் இன்றும் வாழ்கின்றனர். ஆனால் புகழ்பெற்ற பிரதி மடத்தில் இல்லை, மாத்ரித் நகரின் வரலாற்றுக் கழகத்தில் உள்ளது. உத்தமபாளையத்தில் துறவியர் இல்லை. எழுத்தோ வெட்டிய இடத்திலேயே உள்ளது. பாதுகாப்பிலும் வேறுபாடு உண்டு. சூசோவுக்குப் பார்வையாளர்களை வரையறுத்த எண்ணிக்கையில், வழிகாட்டியோடு மட்டுமே அனுப்புகின்றனர். உத்தமபாளையத்தில் பாறைக்கும் பார்வையாளருக்கும் இடையே நிற்பது பெரும்பாலும் பார்வையாளரின் பொறுப்புணர்வு ஒன்றே.

சமணத்துக்குப் பின்

பள்ளி எப்போது கைவிடப்பட்டது என்பதைக் கூறும் கல்வெட்டு எதுவும் இங்கில்லை. இன்று பாறை, அதை அடுத்துள்ள கருப்பணசாமி கோயிலின் பெயராலேயே ஊராருக்கு அடையாளம். துறவியர் நீங்கிய குன்றுகளில் நாட்டார் தெய்வங்கள் குடியேறியது பாண்டிய நாட்டில் பல இடங்களில் காணப்படுகிறது. மதுரைச் சமணர் மலையில் சிற்பங்கள் உள்ள ஓரிடம் பேச்சிப்பள்ளம் எனப்படுகிறது. அதே மலையில் மகாவீரர் சிற்பம் உள்ள குகை, நீண்ட காதுகளோடு அமர்ந்த உருவத்தைச் செட்டியார் என்று மக்கள் கருதியதால், செட்டிப்புடவு என்று பெயர் பெற்றது.

இதை ஒரு சமயம் இன்னொன்றை விழுங்கிய கதையாக மட்டும் பார்ப்பது முழுமையாகாது. காவல் தெய்வம் இருக்கும் பாறையை உடைக்க ஊரார் தயங்குவர். கல்லுடைப்பால் சமணக் குன்றுகள் சேதமுற்ற தமிழகத்தில், மக்களின் சாமி நம்பிக்கையே பல சிற்பங்களுக்கு வேலியாக நின்றிருக்கிறது. கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட சமணத்தின் உருவங்களை, அரிவாள் ஏந்திய காவல் தெய்வம் காத்து நிற்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

பார்வையிடுதல்

தேனியிலிருந்து உத்தமபாளையம் சுமார் 30 கிலோமீட்டர். தேனி - கம்பம் - குமுளி பேருந்துகள் அனைத்தும் இவ்வூர் வழியே செல்கின்றன. தொடர்வண்டியில் வருவோர் தேனியில் இறங்கிப் பேருந்தில் வரலாம். ஊருக்குள் கருப்பணசாமி கோயில் பாறை அல்லது சமணர் சிற்பம் என்று கேட்டால் வழி காட்டுவர்.

செல்வோர் கருத்தில் கொள்ள வேண்டியவை:

- எழுத்துகள் ஆழமற்றவை. உச்சிவெயிலில் பாறை ஒரே பரப்பாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் எழுத்தின் பள்ளம் நிழல் கட்டித் தெளிவாகத் தெரியும்.
- எழுத்தைத் தெளிவாக்கச் சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்கக் கூடாது. தேய்க்கும் ஒவ்வொரு முறையும் எழுத்தின் விளிம்பு சிறிது உதிரும். பக்கவாட்டில் கைவிளக்கு அடித்துப் படமெடுத்தால் அதே பயன் கிடைக்கும்.
- சிற்பங்கள் மீது எண்ணெய், குங்குமம், விபூதி பூசுவதும் கற்பூரம் ஏற்றுவதும் கல்லைக் கெடுக்கும்.
- அருகில் வழிபாட்டில் உள்ள கோயில் இருப்பதால் செருப்பைக் கழற்றுவது, பூசை நேரத்தில் இடையூறு செய்யாதிருப்பது ஆகியவை ஊர் வழக்கம் கருதிப் பின்பற்ற வேண்டியவை.
- வட்டெழுத்து அட்டவணை ஒன்றைக் கையில் கொண்டு செல்வது நல்லது. ஓரிரு எழுத்துகளை அடையாளம் கண்டாலும் பாறை வேறாகத் தெரியும்.

பள்ளத்தாக்கில் தொடர்புடைய இடங்கள்

தேனி மாவட்டத்துக்குள்ளேயே தமிழ் எழுத்தின் பல கட்டங்களுக்குச் சான்று உண்டு. ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் தமிழி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். இவை கிறித்து பிறப்பதற்கு முற்பட்டவை. எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவையாகக் கருதப்படுபவை. ஆநிரை கவர்தலைக் குறிக்கும் ஆகோள் என்ற சொல் இவற்றுள் ஒன்றில் வருகிறது. தொல்காப்பியமும் சங்கப் பாடல்களும் பேசும் பழக்கத்துக்குக் கல்லில் கிடைத்த சான்று இது.

பள்ளத்தாக்கின் தெற்கு முனையில், தமிழக - கேரள எல்லை மலையில், மங்கலதேவி கண்ணகி கோயில் உள்ளது. ஆண்டுக்கு ஒருமுறை சித்திரை முழுநிலவு நாளில் மட்டுமே பக்தர்கள் அங்கு அனுமதிக்கப்படுகின்றனர். தேனி, இடுக்கி மாவட்ட நிருவாகங்கள் கூடிப் பேசி ஏற்பாடுகளைச் செய்கின்றன. தமிழரும் மலையாளிகளும் அன்று ஒரே மலையில் வழிபடுகின்றனர். கண்ணகி கதையைப் பாடிய இளங்கோவடிகள் குணவாயிற்கோட்டத்தில் துறவு பூண்டவர் என்பது மரபு. கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு வழிநடத்திச் செல்லும் கவுந்தியடிகள் சமணப் பெண் துறவி. உத்தமபாளையம் பாறையைப் பார்த்தபின் சிலப்பதிகாரத்தைப் படிப்பவருக்கு, கவுந்தியடிகள் போன்றோர் தங்கி நடந்த இடங்கள் எத்தகையவை என்பது கண்முன் வரும்.

பாதுகாப்பு

உத்தமபாளையம் கல்வெட்டுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கல்வெட்டுத் துறையால் படியெடுக்கப்பட்டு, பின்னர் அச்சிலும் வெளிவந்தன. கல்வெட்டு மீது ஈரத் தாளை ஒற்றி, மை தடவி எடுக்கும் படியே மைப்படி. கல் சிதைந்தாலும், மைப்படி இருந்தால் வாசகத்தைச் சரிபார்க்கலாம். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல பத்தாண்டுகளாக மைசூரில் உள்ள இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவில் இருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

ஆனால் படி என்பது படியே. எழுத்து எந்தச் சிற்பத்தின் கீழ், எந்த உயரத்தில், எந்தப் பக்கம் நோக்கி வெட்டப்பட்டது என்பதைப் பாறை மட்டுமே சொல்லும். திறந்த வெளியில் வெயிலும் மழையும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கின்றன. அதைத் தடுக்க இயலாது. பெயர் கிறுக்குவதும், பூச்சு பூசுவதும், அருகில் கல் வெட்டுவதும் தடுக்கக்கூடியவை. தொல்லியல் சின்னங்களைச் சேதப்படுத்துவது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.

இத்தகைய இடங்களுக்கு நிலையான காவல், அறிவிப்புப் பலகை வைப்பதால் மட்டும் வருவதில்லை. உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வந்து, தாம் படிக்கும் இடத்துக்குப் பள்ளி என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்பாறையின் முன் தெரிந்துகொண்டால், அவ்வூரில் அடுத்த தலைமுறைக்குக் காவலர்கள் உருவாகிவிடுவர். திருக்குணகிரித் தேவருக்கு ஏற்றிய விளக்கு அணைந்துவிட்டது. அதை ஏற்றியவரின் தமிழ் இன்னும் படிக்கக் கிடைக்கிறது.